மீன் வண்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் குனிந்து பாருங்கள்!

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். 1859-ஆம் ஆண்டிலேயே இங்கே கலங்கரை விளக்கம் அமைந்துவிட்டது. ஊருக்குப் பெயரும் அதனால்தான் வந்தது. கடல் மீனும், ஏரி இறாலும், நண்டும் இங்கிருந்து பாலத்தைக் கடந்து, பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் போக வேண்டும். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் விலை விழுந்துவிடும்.

ஆகவே, கையில் நாலு காசு சேர்ந்தவர்களுக்குச் சொந்த வண்டி ஆசை பிறப்பதில் வியப்பில்லை. 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது மக்கள் 'குட்டி யானை' என்று செல்லப்பெயர் சூட்டிய வண்டி, அந்த ஆசையை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. 2011-இல் அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப்பும் உண்டு. புது வண்டிக்கு வழியில்லாதவர் பழைய வண்டியைத் தேடுகிறார். வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. அப்படி வாங்கிய வண்டி மூன்றாம் மாதமே நடுரோட்டில் நின்றுவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்க்கிறார், டயரை உதைத்துப் பார்க்கிறார், எஃப்.சி. தாளைப் புரட்டுகிறார். அடிவயிற்றை மட்டும் மறந்துவிடுகிறார்!

மீன் வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. அது எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். "மீன் வண்டின்னா சொட்டத்தாண்ணே செய்யும்" என்பார் விற்பவர். பாதி உண்மைதான். ஐஸ் தண்ணீர் சொட்டும். ஆனால் அதன் மறைவில் என்னவெல்லாம் ஒழுகுகிறது என்பதல்லவா கேள்வி? போதாததற்குக் குப்பத்து மணல் வேறு. எது விழுந்தாலும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும்.

அட்டை சொல்லும் சாட்சி

வழி எளிது. பின்பெட்டியைக் காலி செய்து, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்வரை பழைய அட்டைகளைப் பரப்பி, ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். விடிந்ததும் அட்டையைப் பாருங்கள்.

கறுப்பாகப் பிசுபிசுத்தால் என்ஜின் ஆயில். டாடா ஏஸ் வண்டிக்கு என்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் கறையும் அதற்கு நேர் கீழேதான் இருக்கும். பின் அச்சுக்குக் கீழே கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கிரவுன் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் ரேடியேட்டர் கூலண்ட். அது இனிப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நாக்கில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள். அது நஞ்சு. டீசலுக்கு அறிமுகம் தேவையில்லை. படகு என்ஜினோடு பழகிய மூக்குக்குத் தெரியாதா?

அடிப்பாகம் பளபளவென்று கழுவி வைத்திருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். பழைய வண்டி ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். காலையில் போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே எண்ணெய் மிதக்கிறதா? ஆயில் ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரிகிறதா? தெரிந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன. பெரும்பாலும் ஹெட் காஸ்கெட் கோளாறுதான். இந்தக் கசிவு அட்டையில் விழாது. பணப்பையில் மட்டும் விழும்!

பொல்லாத பிரேக் ஆயில்

இருப்பதிலேயே பொல்லாதது பிரேக் ஆயில். மெல்லியது, வெளிர் மஞ்சள் நிறம், தண்ணீரோடு கலந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஓடும் வண்டியில் அது சுவடில்லாமல் கழுவப்பட்டுப் போகும். அதனால்தான் பெட்டியைக் காயவைக்கச் சொன்னது.

உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் அடியிலுள்ள இரும்பு பிரேக் குழாய்களை அரித்துத் தின்கின்றன. துரு ஏறி உப்பி, செதில் செதிலாக உதிரும் குழாய் இன்றைக்கு ஒழுகாமல் இருக்கலாம். பாரம் ஏற்றிப் பாலத்திலிருந்து இறங்கும்போது, ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு மிதியில் வெடிக்கலாம். டார்ச் அடித்து, குழாயின் முழு நீளத்தையும் பாருங்கள். சக்கரங்களின் உட்புறம் ஈரமா என்று பாருங்கள். பின்பு என்ஜினை ஓடவிட்டு, பிரேக் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால் கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது.

பிறகு பாரம் ஏற்றிப் பொன்னேரி வரை ஓட்டி வந்து, புது அட்டை போட்டு மறுபடியும் பாருங்கள். குளிர்ந்தபோது அடக்கமாக இருந்த ஆயில் சீல், சூட்டில் சுயரூபம் காட்டும்.

ஆயில் சீல் மட்டும் என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். ஹெட் காஸ்கெட் என்றால் மெக்கானிக் சொல்லும் செலவைக் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். பிரேக் குழாய் துருப்பிடித்திருந்தால், மாற்றிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும். அதில் பேரம் கூடாது.

வாங்கிய பின் முதல் வேலையாக, ஐஸ் தண்ணீர் சேஸிஸில் படாமல் பின்பக்கம் வெளியேற ஒரு ரப்பர் குழாயைப் பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அடிப்பாகத்தில் நாலு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஏரித் தண்ணீர் உதவாது; அதிலும் உப்பு இருக்கிறது.