பாறுகள் குஞ்சுகளுக்கு உணவூட்டும் முறை

பாறு என்பது இறந்த விலங்குகளின் இறைச்சியை உண்டு வாழும் பெரிய பறவையாகும். இது பிணந்தின்னிக் கழுகு எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கு இனங்கள் உள்ளன. இவற்றுள் வெண்முதுகுப் பாறு, நீலகிரி மாவட்டத்து மோயாறு பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகிறது.

குஞ்சு வளர்ப்பு

வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ ஒன்றரை மாதம் அடைகாக்கும். பொரித்த குஞ்சு மூன்று மாதங்களுக்கு மேல் கூட்டிலேயே இருக்கும். குஞ்சு சிறியதாக இருக்கும்போது ஒன்று கூட்டில் காவலிருக்க, மற்றது இரை தேடிச் செல்லும்.

உணவு கொண்டுவருதல்

வாலிநோக்கம் போன்ற கடற்கரை ஊர்களில் காணப்படும் செம்பருந்து, மீனைக் கால் நகங்களால் பற்றிக் கூட்டுக்குத் தூக்கிச் செல்லும். வெண்முதுகுப் பாறின் கால்களுக்கு அந்தப் பிடிவலிமை இல்லை. அது இறைச்சியை விழுங்கித் தீனிப்பையில் சுமந்து வருகிறது. தீனி தின்ற கோழியின் கழுத்தடியில் புடைத்துத் தெரிவதும் இத்தகைய பையே. கூட்டை அடைந்ததும் உணவைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். சிறு குஞ்சுக்கு மென்மையான துணுக்குகளும், வளர்ந்த பின் பெரிய துண்டுகளும் கிடைக்கும்.

எலும்புத் துண்டுகளின் தேவை

இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. எனவே பெற்றோர் சிறு எலும்புத் துண்டுகளையும் கொண்டுவரும். தென்னாப்பிரிக்காவில் எலும்பை நொறுக்கும் கழுதைப்புலிகள் அழிந்த பகுதிகளில், எலும்புத் துண்டுகள் கிடைக்காமல் பாறுக் குஞ்சுகளின் எலும்புகள் வளைந்தும் ஒடிந்தும் போயின. எலும்பென்று எண்ணிப் பெற்றோர் கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டுகளையும் கூட்டுக்குக் கொண்டுவந்தன. நொறுக்கிய எலும்புகளை மனிதர்கள் வைக்கத் தொடங்கிய பின் இக்குறை தணிந்தது.

அச்சுறுத்தல்

டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாட்டை உண்ணும் பாறு, சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் மடிகிறது. பெற்றோரில் ஒன்று இறந்தால், காவலையும் இரைதேடலையும் மற்றது தனியே பார்க்க வேண்டியிருப்பதால் குஞ்சும் மடிய நேரிடும். ஆண்டுக்கு ஒரே குஞ்சு என்பதால் இந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. 1992 முதல் 2007 வரை இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது.

கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006-இல் தடை செய்தது. 2023-இல் கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கற்ற மாற்று மருந்தாகும்.