வாரம் ஒரு கூடை காய்கறி



இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேத்து என்ன காய்கறி சாப்பிட்டீங்க?" "உருளைக்கிழங்கு பெரட்டல், டிரெசரய்யா" என்றுதான் பாதிப் பேர் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது. அது சோற்றுக் கணக்கு. சாம்பாரில் கிடந்த ரெண்டு துண்டு கத்தரிக்காயைச் சேர்த்துக்கொண்டாலும் ஒரு நாளைக்குப் போதாது.

எவ்வளவுதான் வேண்டும்? காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு பெரியவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரியவர்கள் நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது வாரத்துக்குப் பதினொரு கிலோ ஆகிறது. நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டும் இதே கணக்குத்தான். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் முக்கால் தட்டைச் சோறே பிடித்துக்கொள்கிறது. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுதும் எடுத்த கணக்குப்படி வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கு ரத்தசோகை. போதிய காய்கறியும் பழமும் சாப்பிடாதவர்கள் நூற்றுக்கு 95 பேர். சோம்பலால் வந்த நிலைமை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்து ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் வாங்கி வந்த கீரை புதன்கிழமைக்குள் அழுகிவிடுகிறது. மாதக் கடைசி வாரத்தில் கையில் காசு இருக்காது. கடைப்பத்தில் எழுதி வாங்குவது சார்டின் டின்னும் நெத்திலிக் கருவாடும்தான்.

இதற்கு வேறு நாடுகளில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் 1970களில், பூச்சிமருந்து அடித்த காய்கறிக்கும் கலப்படத்துக்கும் பயந்த குடும்பத் தாய்மார்கள் நேரே விவசாயியிடம் போய், "மருந்தடிக்காமல் பயிர் செய்யுங்கள், விளைவதை எல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று பேசி முடித்துக்கொண்டார்கள். இதற்கு அங்கே 'தெய்க்கேய்' என்று பெயர். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ், நியூ ஹேம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே முறையைத் தொடங்கின. குடும்பங்கள் பயிர் வைக்கும் முன்பே பணம் கட்டிப் பங்கு எடுத்துக்கொள்ளும். அறுவடை தொடங்கியதும் வாரம் ஒரு கூடை வீட்டுக்கு வரும். அந்த வாரம் நிலம் எதைக் கொடுத்ததோ அதுதான் கூடையில் இருக்கும். எனக்குத் தக்காளிதான் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது.

ஒரு சுகாதார ஊழியன் என்ற முறையில் எனக்குப் பிடித்ததே இந்தக் கடைசிச் சங்கதிதான். கடைக்குப் போனால் கை பழகின காயைத்தான் எடுக்கும். கூடை வந்தால் பாகற்காயும் வரும், பீர்க்கங்காயும் வரும், கீரையும் வரும். பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டதால் மாதக் கடைசி வாரத்திலும் அடுப்படியில் பச்சைக் காய்கறி இருக்கும்.

நம் ஜொகூரில் இதை ஏன் செய்யக் கூடாது? கூலாய், குளுவாங் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகச் சிங்கப்பூருக்குப் போகிறது. அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாம் வாடிப்போன கீரையை வாங்குகிறோம். நிலத்தைக் கொத்துவது நமக்குப் புதுசும் இல்லை. 1974இல் துன் அப்துல் ரசாக் காலத்தில் பச்சைப் புத்தகத் திட்டம் என்று வந்து, சும்மா கிடந்த இடத்தில் எல்லாம் காய்கறி போடச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்கு நம் பக்கத்து லயத்தில் இருக்கும் பங்களாதேஷ் தொழிலாளர்கள் கையகல இடத்திலும் செங்கீரை போட்டுவிடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் நமக்குத்தான் லாபம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இருபது குடும்பம், குடும்பத்துக்கு வாரம் 10 வெள்ளி. வாரத்துக்கு 200 வெள்ளி சேரும். வேலையிலிருந்து நின்ற அண்ணனோ அக்காளோ ஒருவர் பயிர் வேலையைப் பார்ப்பார். விதை, உரம் போக மீதி அவருக்குக் கூலி. இடத்துக்கு நிர்வாகத்தின் அனுமதியைத் தோட்டக் கமிட்டி மூலம் எழுத்திலேயே வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பாத்தி கட்டினால், மறுநடவு வரும்போது புல்டோசர் கீரை என்று பார்க்காது.

இதில் ஒரு கஷ்டமான விஷயம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் பயிர் போனால் கட்டின பணம் திரும்பாது. பயிர் செய்பவரின் நஷ்டத்தில் எல்லோரும் பங்கு என்பதுதான் இந்த முறையின் அடிப்படையே. அமெரிக்காவில் போல ஆறு மாதப் பணத்தை ஒரேயடியாகக் கட்டுவது நமக்கு ஒத்துவராது. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவரிடம் அதைக் கேட்பதே தப்பு. மாதாமாதம் சம்பளத்தன்று கட்டினால் போதும், நஷ்டம் வந்தாலும் ஒரு மாதத்தோடு நிற்கும் என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, இதைக் கூட்டு பிடிப்பதாக யாரும் ஆக்கிவிடக் கூடாது. கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இங்கே யாருக்கும் மொத்தப் பணம் விழாது, காய்கறி மட்டும்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.

இனி எந்த மாதம் எது வரும் என்று பார்ப்போம். நமக்கு வெயில் காலம், பனிக்காலம் என்று கிடையாது, மழைதான் கணக்கு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் வானம் வெளுக்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தையும், 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் கீரை தண்டோடு அழுகும். கூடை இளைத்துத்தான் வரும். அதனால் முன்னாடியே பறித்து வைத்த பரங்கிக்காய், பூசணிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைக்காய் இவற்றைக் கொண்டு ஓட்ட வேண்டும். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது வெண்டை, கத்தரி, பயத்தங்காய் நன்றாகப் பிடிக்கும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். தண்ணீர் பிடித்து வைக்கும் தோம்புக்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் காய்கறித் தோட்டம் டெங்கித் தோட்டம் ஆகிவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், டுக்கு என்று பழமாகக் கொட்டும். இனிப்பு நீர்க்காரர்கள் டுரியானை ஒன்று இரண்டு சுளையோடு நிறுத்தி, அந்த வேளைச் சோற்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பொந்தியான் அன்னாசியும் பப்பாளியும் எப்போதும் கிடைப்பவை. கொய்யாவை மட்டும் நம்மவர் மதிப்பதில்லை. கடையில் விலை கொடுத்து வாங்கும் ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி ஏறக்குறைய நான்கு மடங்கு உண்டு.

கீரைக்கு வருவோம். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை இவற்றில் இரும்புச் சத்து இருக்கிறது. ஆனால் கீரையில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தாலோ, சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யா கடித்தாலோ அதிகமாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தைத் தேயிலை கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் சோற்றையும் தேத்தண்ணியையும் ஒன்றாக முடித்துவிட்டு ஓடும் பெண்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

சேக்கூர் மானிஸ் என்ற தவசிக்கீரையைச் சமைத்துச் சாப்பிட்டால் நல்லது. பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்காதீர்கள். உடம்பு இளைக்கும் என்று நம்பி 1990களில் தைவானில் பலர் அப்படிக் குடித்து, நுரையீரல் கெட்டு மூச்சுவிட முடியாமல் போனார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தின்னவே வேண்டாம். ஜப்பான்காரன் காலத்தில் கிழங்கே சோறாக இருந்தபோது வயிறு நிறைந்தும் கால் வீங்கின கதையை வீட்டுக் கிழவிகள் சொல்லியிருப்பார்கள். கிழங்கு வருகிற வாரத்தில் கீரையும் பயறும் கூடச் சேர வேண்டும்.

சிறுநீரகம் கெட்டவர்கள் பெலிம்பிங் பழத்தைத் தொடவே கூடாது. விக்கல் தொடங்கி, புத்தி தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வாழைப்பழமும் கீரையும் எவ்வளவு சாப்பிடலாம் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கூடை வந்த சந்தோஷத்தில் ஒரு வாரம் கீரையாகவே சாப்பிட்டு மறு வாரம் விட்டுவிடக் கூடாது. வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கவனமும் தேவை. செம்பனை வரிசையில் முளைக்கும் பாக்குக் கீரையையும் கெலாடித் தண்டையும் இலவசம் என்று பறித்துக் கூடையில் போடாதீர்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை. மற்றப் புல் மருந்துகள் இன்னும் அடிக்கப்படுகின்றன. பாத்தியை மருந்து அடிக்கும் இடத்துக்கு மேட்டுப் பக்கம் அமையுங்கள். எந்த நாள் எந்தப் பக்கம் மருந்து என்று மண்டோரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மருந்து வந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் அதில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றக் கூடாது. மருந்தடித்துவிட்டு வருகிறவர் குளித்து உடை மாற்றாமல் பாத்திப் பக்கம் போக வேண்டாம்.

தொடங்க நினைக்கிறவர்கள் முதல் மாதம் கீரையை மட்டும் நம்பலாம். விதை போட்டு இருபத்தைந்து முப்பது நாளில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம், கத்தரிக்கு அதற்கும் மேலே. முருங்கைக் கம்பைப் பாத்தியின் ஓரத்தில் ஊன்றுங்கள், நடுவில் ஊன்றினால் நிழல் விழும்.