படித்துறைக் குளிரும் ஏசிக் குளிரும்

பழைய தஞ்சை ஜில்லாக்காரர் குளிரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே வீடு தேடி வரும். ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் முழுக்கு, கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு, மார்கழியில் விடியுமுன் ஆற்றிலோ குளத்திலோ குளியல். இது பக்திக்குப் பட்ட குளிர். சம்பாவும் தாளடியும் நட்ட பெண்கள் பட்டதோ கூலிக்கு. அடைமழையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, சேற்றில் குனிந்தபடியே அவர்களுக்குப் பகல் கழியும்.

மார்கழி விடியலிலும் தஞ்சையில் 20 டிகிரியை ஒட்டித்தானே இருக்கும், அது ஒரு குளிரா என்று ஊட்டிக்காரர் கேட்கலாம். ஆனால் தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களைக் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரம் அமர்த்திப் பார்த்தார்கள். நீர் 32 டிகிரியில் இருந்தபோது உடம்பின் ஆற்றல் செலவு மாறவில்லை. 20 டிகிரியில் ஏறக்குறைய இரட்டித்தது.

குளிரில் இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டும் சூட்டை உடம்பு இரண்டு வழிகளில் உண்டாக்குகிறது. ஒன்று, தசைகளின் நடுக்கம். மற்றொன்று, கழுத்தையும் காறையெலும்பையும் ஒட்டியிருக்கும் பழுப்புக் கொழுப்பு. தொப்பையில் சேரும் வெள்ளைக் கொழுப்பு ஆற்றலைச் சேர்த்து வைக்கும். பழுப்போ அதை எரித்து நேரே வெப்பமாக்கும். கைக்குழந்தைப் பருவத்தோடு அது பெரும்பாலும் போய்விடும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். பெரியவர்களிடமும் அது வேலை செய்வதை 2009இல் மூன்று ஆய்வுகள் ஒரே நேரத்தில் காட்டின. 2013இல் ஜப்பானில், தினமும் 2 மணி நேரம் 17 டிகிரி அறையில் இருந்தவர்களுக்கு 6 வாரத்தில் உடற்கொழுப்பு சற்றே குறைந்தது.

இன்றைய டெல்டாவில் கீசர் வந்துவிட்டது, நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. நகரத்து வீடுகளில் ஏசியும் ஓடுகிறது. அதுவும் குளிர்தானே? இல்லை. 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், மாதம் முழுவதும் இரவில் 19 டிகிரியில் தூங்கியபோது பழுப்புக் கொழுப்பின் செயல்பாடு கூடியது. பிறகு 24 டிகிரிக்கும் 27 டிகிரிக்கும் மாறியபோது கூடியது போய்விட்டது. நடுநிலையாக அவர்கள் எடுத்துக்கொண்டது 24 டிகிரி. 2020 முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகளில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பதும் அதே 24தான். மின்சாரத்துக்கு நல்ல முடிவு. ஆனால் அந்த அறையில் போர்வைக்குள் படுத்திருப்பவருக்கு வியர்க்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. உடம்புக்கு வேலையே இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நெதர்லாந்தின் லைடனில் 2014இல் ஒப்பிட்டபோது, ஒல்லியான தெற்காசிய இளைஞர்களிடம் பழுப்புக் கொழுப்பின் அளவு வெள்ளையரைவிடக் குறைவாகவே இருந்தது. சர்க்கரை நோய் மலிந்த ஊரில் இது சிறு விஷயமல்ல: தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு அந்த நோய் என்கிறது 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு.

அதற்காக, மார்கழிக் குளியல்தான் முன்னோர்களை மெலிவாக வைத்திருந்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். படித்துறையில் போட்ட நாலு முழுக்கு சில நிமிட வேலை. ஒரு மணி நேரம் நீரில் அமர்த்திய ஆய்வின் கணக்கு அதற்குப் பொருந்தாது. குளிர்ந்த நீரில் உடற்பயிற்சி செய்தவர்கள் பிறகு கூடுதலாகச் சாப்பிட்டதையும் ஆய்வு பார்த்திருக்கிறது. குளித்துக் கரையேறியதும் பழையதைத் தேடிய நம் ஊருக்கு இது புதுச் செய்தியல்ல. இதய நோயாளிக்குத் திடீர்க் குளிர்நீர் ஆபத்தாகவும் முடியலாம்.

அன்றைய உடம்பை வடித்தது ஏர், நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு. அளந்து கிடைத்த சோறு. குளிர் அதன்மேல் ஒரு சிறு கூடுதல் செலவு, அவ்வளவே. இன்று உழைப்பும் குளிரும் சேர்ந்தே விலகிவிட்டன. சோறு மட்டும் குறையவில்லை. கீசரை அணைப்பது சுலபம், அணைக்கலாம். இலையில் விழும் இரண்டாவது கரண்டியைத் தடுப்பதும், வண்டியை விட்டுவிட்டு ஆற்றங்கரை வரை நடப்பதும்தான் கடினம். பலன் இருப்பது அங்கேதான்.