நெற்றியில் எரிந்த விளக்கு

வகுப்பறையில் வரிசையாகச் சிறுபிள்ளைகள். ஒவ்வொரு தலையிலும் ஒரு பட்டை, நெற்றியில் சின்ன விளக்கு. சிவப்பு எரிந்தால் பிள்ளை பாடத்தில் ஊன்றியிருக்கிறது. நீலம் எரிந்தால் கவனம் சிதறிவிட்டது. ஆசிரியரின் கணினிக்கும் கணக்கு போகும், பெற்றோருக்கும் போகும். சீனாவின் ஜின்ஹுவா பகுதித் தொடக்கப்பள்ளி ஒன்றில் 2019-இல் நடந்தது இது.

மூளையின் மின்னலைகளைக் கொண்டு கவனத்தை அளப்பதாகச் சொல்லப்பட்ட அந்தப் பட்டை எதைத்தான் அளந்தது?

ஜெர்மனியின் யேனா நகரில், மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். கண்மூடி அமைதியாக இருந்தால் நொடிக்குச் சுமார் பத்து முறை ஏறி இறங்குகிற ஆல்ஃபா அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுவதைக் கண்டார். கவனத்தை அலையில் தேடும் முயற்சிகளுக்கெல்லாம் வேர் அதுதான்.

1995-இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஆலன் போப் குழுவினர் அந்தத் தேடலுக்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையின் வலிமையை, ஆல்ஃபா, அதைவிட மெதுவான தீட்டா இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எண் ஏறினால் ஈடுபாடு, இறங்கினால் தொய்வு. தானியங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது விமானி சோர்ந்துபோவாரே, அதுதான் அவர்களுடைய கவலை. எண் சரிந்தால் வேலையை மனிதர் கைக்கே திருப்பிவிட்டுப் பார்த்தார்கள். நல்ல நோக்கம், பொருத்தமான இடம்.

ஆனால் தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். ஒருமுறை கண் சிமிட்டினால் அதைவிடப் பெரிய அலை எழும். பல்லை இறுகக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் பீட்டா அலையோடு கலந்துவிடும். கருவி அதையும் கவனமென்று எண்ணக்கூடும். ஆய்வுக்கூடத்தில் இவற்றைப் பிரித்தெடுக்கவே பெரும்பாடு. நெளிந்துகொண்டே இருக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் என்ன செய்வது? அலை சுத்தமாகவே கிடைத்தாலும் அது சொல்வது விழிப்பின் அளவைத்தான். பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பதை அது சொல்லாது. ஜன்னலைப் பார்த்தபடி விடையைத் தேடும் பிள்ளைக்கு எந்த நிறம் எரியும்? அதன் நெற்றியில் விளக்கை மாட்டியது தவறு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜின்ஹுவா வகுப்பறையின் காணொளி பரவி எதிர்ப்பு கிளம்பியதும், உள்ளூர்க் கல்வித்துறை பட்டைகளை நிறுத்தச் சொன்னது. சிலி நாடோ 2021-இல் அரசியலமைப்பையே திருத்தி, மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து கிடைக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு தந்தது. நம் சட்டத்திலும் அப்படியொரு வரி ஏற வேண்டும், பட்டைகள் நம் பள்ளி வாசலுக்கு வரும் முன்பே.