கஸ்டம்ஸ் டூட்டியை அதிகமா கட்டிட்டீங்களா? திரும்ப வாங்க இதுதான் வழி!

வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்கி இன்ஸ்டாகிராமில் விற்பது இன்று சகஜமாகிவிட்டது. சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே அவசரம்தான். 'டிமரேஜ் ஏறுது, சீக்கிரம் கட்டிடுங்க' என்று கஸ்டம்ஸ் புரோக்கர் சொல்வார். நாமும் கட்டிவிடுவோம். அப்புறம் நிதானமாகக் கணக்குப் பார்க்கும்போதுதான், கட்ட வேண்டியதைவிட அதிகம் கட்டியது தெரியவரும். அந்தப் பணம் போனது போனதுதானா? இல்லை. ஆனால், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

எங்கே தப்பு நடக்குது?

பெரும்பாலும் ஹெச்.எஸ் கோடில்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோடுக்கும் ஒரு வரி விகிதம். சரக்கின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10% அடிப்படைச் சுங்க வரி போட வேண்டிய இடத்தில் 20% போட்டுவிட்டார்கள். அடிப்படை வரியில் 50,000 ரூபாய் கூடுகிறது. அதன் மேல் 10% சமூக நல சர்சார்ஜ், அதில் 5,000. இரண்டுக்கும் மேல் 18% ஐ.ஜி.எஸ்.டி, அதில் 9,900. மொத்தம் 64,900 ரூபாய் எக்ஸ்ட்ரா!

ஜி.எஸ்.டி பதிவு இருந்தால், அந்த 9,900-ஐ பொதுவாக இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். மீதி 55,000-க்குத்தான் ரீஃபண்ட் கேட்க வேண்டியிருக்கும்.

நேரா ரீஃபண்ட் கேட்டா கிடைக்காது!

பலரும் வழுக்கி விழும் இடம் இது. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 27-வது பிரிவு ரீஃபண்ட் கேட்கும் உரிமையைத் தருகிறது. 'அப்போ விண்ணப்பம் போட்டா போதுமே' என்றுதான் தோன்றும். ஆனால், 2019 செப்டம்பரில் ஐ.டி.சி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'பில் ஆஃப் என்ட்ரி'யில் நாமே போட்டுக்கொண்ட வரிக் கணக்கும் ஒரு மதிப்பீட்டு உத்தரவுதான். அதை மாற்றாதவரை ரீஃபண்ட் தர முடியாது.

அதனால், முதலில் பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்த வேண்டும். அதற்கு முக்கியமாக மூன்று வழிகள்:

* கூட்டல், எழுத்துப்பிழை மாதிரியான தவறா? 154-வது பிரிவில் திருத்தக் கேட்கலாம்.
* ஆவணத்தையே மாற்ற வேண்டுமா? 149-வது பிரிவு. ஆனால், சரக்கு வெளியே வந்த பிறகு என்றால், அது வெளியே வந்த நேரத்திலேயே இருந்த ஆவணங்கள்தான் ஆதாரமாக எடுபடும். பிறகு தயாரித்த பேப்பர் செல்லாது.
* அதிகாரியின் முடிவையே எதிர்க்கிறீர்களா? 128-வது பிரிவில் கமிஷனரிடம் அப்பீல். கெடு 60 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் வரை அவர் தரலாம். அதற்கு மேல் இல்லை.

ரீஃபண்ட் கேட்க வரி கட்டிய நாளிலிருந்து ஒரு வருடம் டைம் இருக்கிறது. அதை நம்பி அசால்ட்டாக இருந்தால், அப்பீலுக்கான 60 நாள் சத்தமில்லாமல் ஓடிப்போயிருக்கும். அப்பீலில் ஜெயித்து ரீஃபண்ட் வருவதாக இருந்தால், அந்த ஒரு வருடம் தீர்ப்பு தேதியிலிருந்து கணக்கு. கட்டும்போதே சந்தேகமா? எதிர்ப்புத் தெரிவித்து, அதாவது 'அண்டர் புரொட்டெஸ்ட்' என்று பதிவு செய்து கட்டுங்கள். அப்படிக் கட்டிய வரிக்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது.

வரியை கஸ்டமர் தலையில் கட்டிட்டீங்களா?

திருத்தம் முடிந்தாலும் இன்னொரு கண்டம் இருக்கிறது. கட்டிய வரியை விலையில் ஏற்றி வாடிக்கையாளரிடம் வசூலித்துவிட்டீர்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நிரூபிக்க முடியாவிட்டால் ரீஃபண்ட் அனுமதியானாலும் பணம் உங்களுக்கு வராது, நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும்.

அதனால், அந்தத் தொகையைச் செலவில் எழுதாமல், 'வர வேண்டிய பணம்' என்று கணக்குப் புத்தகத்தில் காட்டுங்கள். ஆடிட்டரிடம் சான்றிதழ் வாங்குங்கள். விற்பனை பில்களையும் பத்திரமாக வையுங்கள். சொந்த உபயோகத்துக்காக ஒரு தனிநபர் வரவழைத்த பொருள் என்றால், இந்த நிபந்தனை கிடையாது.

வந்த சரக்கே மோசமா?

அதற்கு 26A பிரிவு. ஆர்டர் செய்தது ஒன்று, வந்தது வேறொன்று என்றாலும், சரக்கில் குறை இருந்தாலும், அதைப் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பினால் கட்டிய வரியைக் கேட்கலாம். பொதுவாக, சரக்கை வெளியே எடுக்க உத்தரவான 30 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். அழுகிப்போகிற பொருள்களுக்கு இது பொருந்தாது. பெட்டியைப் பிரித்ததும் குவாலிட்டி செக் பண்ணுவது இதற்காகத்தான்.

இழுத்தடிச்சா வட்டி உண்டு

விண்ணப்பம் கொடுத்த மூன்று மாதத்துக்குள் பணம் வராவிட்டால், அதற்குப் பிறகான தாமதத்துக்கு ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. ஆகவே, விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கி வையுங்கள்.

சின்ன முதலீட்டில் பிசினஸ் செய்பவர்களுக்கு 55,000 என்பது அடுத்த ஆர்டருக்கான அட்வான்ஸ். கடைசியாக வந்த சரக்கின் பில் ஆஃப் என்ட்ரி உங்கள் மெயிலிலேயே இருக்கும். கோடு, வரி விகிதம், கட்டிய தேதி... இந்த மூன்றையும் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். தப்பு கண்ணில் பட்டால், 60 நாள் முடிவதற்குள் சுங்க வழக்குகள் தெரிந்த வக்கீலையோ ஆடிட்டரையோ பிடித்துவிடுங்கள்.