எரியும் நகரத்தில் ஒரு காதல்: ‘குவோ வாடிஸ்’ நாவலும் மன்னிப்பின் கணக்கும்

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். தொழில் மஞ்சள், மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். சமணன் ஒருவன் கிறிஸ்தவ நாவலைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கலாம். நல்ல சரக்கு எந்த ஊர் மண்டியிலிருந்து வந்தாலும் அது நல்ல சரக்குதான் என்பதே என் பதில். அதோடு, இந்த நாவலுக்கு நான் தனிப்பட்ட முறையிலும் கடன்பட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1983-இல் மஸ்ஜித் பந்தரில் ஒரு மொத்தக் கடையில் கையாளாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுளோரா ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடைகளைச் சுற்றுவது வழக்கம். அங்கே அட்டை கிழிந்த நிலையில் கிடைத்ததுதான் ‘குவோ வாடிஸ்’, ஆங்கில மொழிபெயர்ப்பு. பக்கத்தில் லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். காதலும் ஆபத்தும் கலந்து, அடுத்து என்ன ஆகுமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் கிறிஸ்தவக் கதைகள் இன்று ஆங்கிலத்தில் எத்தனையோ வருகின்றன. அவை போகும் பாதையில் நூறு வருஷத்துக்கு முன்பே ராஜநடை நடந்த கதை இது.

ஆசிரியரும் காலமும்

இதை எழுதியவர் போலந்து நாட்டு எழுத்தாளர் ஹென்றிக் சியன்கியவிச் (1846–1916). வார்சாவின் ‘கஸெட்டா போல்ஸ்கா’ பத்திரிகையில் 1895 மார்ச் முதல் 1896 பிப்ரவரி வரை தொடர்கதையாக வந்தது; 1896-இல் நூலாயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் போயிருக்கிறது. ஆசிரியருக்கு 1905-இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. 1951-இல் ஹாலிவுட்டில் பெரும் பொருட்செலவில் படமாகவும் வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. அவர் எழுதிய நாளில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. 1795-இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூவரும் அதைப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். மறுபடி சுதந்திர நாடானது 1918-இல். கதாநாயகி லீஜியா, லீஜியர் என்ற இனத்து அரசனின் மகள். பிணைக் கைதியாக ரோமுக்கு வந்தவள். அந்த இனத்தவர் வாழ்ந்த இடம் பிற்காலத்துப் போலந்து மண் என்று கொள்வார்கள். ஆகவே, சாம்ராஜ்யத்தின் கையில் சிக்கியும் மனம் வளையாத பெண்ணின் கதை, அடிமைப்பட்ட நாட்டு வாசகனுக்கு வெறும் பழங்கதையாக இருக்கவில்லை.

கதை

காலம் நீரோ மன்னன் ஆட்சி. மார்க்கஸ் வினிசியஸ் என்ற இளம் படைத்தலைவன் கீழ்த்திசைப் போரிலிருந்து திரும்புகிறான். கையில் அடிபட்டு, அவ்லஸ் என்ற முதிய தளபதியின் வீட்டில் தங்குகிறான். அங்கே வளர்ப்பு மகளாக இருக்கும் லீஜியாவைக் காண்கிறான். கண்டதும் ஆசை, ஆசை வந்ததும் அவள் தனக்கு வேண்டும். தாய்மாமன் பெட்ரோனியஸ் நீரோவின் சபையில் ரசனைக்கு நீதிபதி போன்றவர். அவர் மன்னனிடம் ஒரு வார்த்தை சொல்ல, லீஜியாவை அரண்மனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வினிசியஸ் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடாகிறது. வழியிலேயே அவளுடைய காவலன் உர்சஸும் கிறிஸ்தவர்களும் அவளை மீட்டுக்கொண்டு மறைந்துவிடுகிறார்கள்.

இங்கிருந்துதான் மர்மம் தொடங்குகிறது. அவ்வளவு பெரிய ரோமில் அவளை எங்கே தேடுவது? முன்பு அவள் தோட்டத்து மணலில் ஒரு மீன் வரைந்து காட்டியிருந்தாள் என்பது ஒன்றே துப்பு. கிரேக்க மொழியில் மீனுக்கு ‘இக்துஸ்’ என்று பெயர். ‘இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர்’ என்ற சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் அதே சொல் வரும். ஒளிந்து வாழ்ந்தவர்களின் அடையாளச் சின்னம் அது. இந்தப் புதிரை அவிழ்ப்பவன் கைலோன் என்ற கிரேக்கக் கிழவன். தத்துவஞானி என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் உளவு விற்றுப் பிழைப்பவன். என்னைக் கேட்டால் இந்த நாவலின் நிஜக் கதாநாயகன் அவன்தான்.

கைலோனுக்கு ஒரு பழைய பாவம் உண்டு. கிளாக்கஸ் என்ற வைத்தியரை நண்பன்போல நடித்துக் கொள்ளையரிடம் காட்டிக்கொடுத்து, அவருடைய மனைவி மக்களை அடிமை வியாபாரிகளுக்கு விற்றவன். செத்தார் என்று நினைத்த கிளாக்கஸ் ரோமில் கிறிஸ்தவர்களோடு உயிரோடு இருக்கிறார்!

வினிசியஸ் லீஜியாவைத் தூக்கி வர ஒரு மல்லனோடு போகிறான். உர்சஸ் அந்த மல்லனைக் கொன்றுவிடுகிறான். வினிசியஸின் கை முறிகிறது. முறிந்த கைக்குக் கட்டுப் போடுபவர் கிளாக்கஸ்; பணிவிடை செய்பவள் லீஜியா. தூக்கிப் போக வந்தவனைக் கொல்லாமல் கஞ்சி ஊட்டுகிறார்கள். அங்கேதான் அவனுடைய ஆசை மெல்லக் காதலாகிறது. ‘எனக்கு அவள் வேண்டும்’ என்றவன், ‘நான் அவளுக்குத் தகுதியா?’ என்று கேட்கத் தொடங்குகிறான். பொருளாக வாங்க வந்தவன் கடைசியில் தன்னையே கொடுத்துவிடுகிறான். நூலின் காதல் பகுதி இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்ல ஆசிரியர் பாதி நாவலை எடுத்துக்கொள்கிறார். அதனால்தான் நம்ப முடிகிறது.

ஆபத்து எப்படிக் கட்டப்படுகிறது

கி.பி. 64 ஜூலையில் ரோம் எரிந்தது. இது சரித்திரம். ஆறு நாள் எரிந்து, அடங்கி, மறுபடி பற்றிக்கொண்டது. நகரின் 14 வட்டாரங்களில் 3 தரைமட்டம், 7 பெருஞ்சேதம், 4 மட்டுமே தப்பின என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பழி தன்மேல் வராதிருக்க நீரோ கிறிஸ்தவர்களைக் குற்றவாளியாக்கிக் கொடுமையாகக் கொன்றான் என்பதும் அவர் குறிப்பே. நீரோவே தீ வைத்தான் என்று நாவல் சொல்கிறது. இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் அதை ஏற்பதில்லை. தீப்பிடித்தபோது அவன் அன்டியத்தில் இருந்தான். பெட்ரோனியஸ், அவ்லஸ், அவர் மனைவி பொம்பொனியா ஆகியோர் சரித்திர மாந்தர். வினிசியஸ், லீஜியா, உர்சஸ், கைலோன், கிளாக்கஸ் கற்பனை. மெய்யும் கற்பனையும் பாவும் ஊடுமாக நெய்யப்பட்டிருக்கின்றன.

வாசகனுக்கு முடிவு தெரியும்: கிறிஸ்தவர்கள் சாகப் போகிறார்கள். ஆனால் லீஜியா? அது தெரியாது. அவளைச் சிறையில் அடைக்கிறார்கள், காய்ச்சல் வருகிறது, மீட்கும் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன. கடைசியில் அரங்கத்தில் உர்சஸ் வெறுங்கையோடு நிற்க, கொம்புகளில் லீஜியாவைக் கட்டிய காட்டெருமை ஒன்று பாய்ந்து வருகிறது. அவன் அதன் கொம்பைப் பிடித்துக் கழுத்தை முறிக்கிறான். வினிசியஸ் அரங்கத்தில் குதித்துத் தன் போர்த் தழும்புகளைக் காட்டுகிறான். கூட்டம் உயிர்ப்பிச்சை கேட்டுக் கத்த, நீரோ பயந்து பணிகிறான். கல்கியில் வாராவாரம் ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்த நம் பெரியவர்களுக்கு இந்தத் தொடர்கதைத் தவிப்பு புரியும்.

மன்னிப்பு: இரண்டு முறை

இனி மையப் பொருளுக்கு வருகிறேன். கிளாக்கஸ் கைலோனை இரண்டு முறை மன்னிக்கிறார்.

முதல் முறை, வினிசியஸ் காயத்தோடு கிடந்த வீட்டில். குடும்பத்தையே அழித்தவன் எதிரில் நடுங்கி நிற்கிறான். கிளாக்கஸ் மன்னித்து அனுப்பிவிடுகிறார். பலன் என்ன? கைலோன் திருந்தவில்லை. பின்னால், லீஜியா இருக்கும் இடத்தைச் சொல்ல அவன் வந்தபோது, மனம் மாறியிருந்த வினிசியஸ் கோபத்தில் 300 சவுக்கடி என்று உத்தரவிடுகிறான். முன்பு கூலி கொடுத்துச் செய்யச் சொன்ன அதே வேலைக்கு இப்போது அடி! அந்த அடியைக் கைலோன் மறக்கவில்லை. ரோம் எரிந்த பின், கிறிஸ்தவர்கள்மேல் பழி போட வழி காட்டுபவன் அவன்தான். ஆயிரக்கணக்கானோர் சாகிறார்கள்.

அப்படியானால் கிளாக்கஸ் மன்னித்தது தப்பா? அன்றே அவனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்களே? இந்தக் கேள்வியை ஆசிரியர் மழுப்பவில்லை. ஆனால் கதையின் ஓட்டத்தைக் கவனியுங்கள். கைலோனைக் கொடியவனாக்கியது மன்னிப்பு அல்ல, சவுக்கடி.

இரண்டாம் முறை, நீரோவின் தோட்டத்தில். கிறிஸ்தவர்களைக் கம்பங்களில் கட்டி விளக்காக எரிக்கிறார்கள். ஒரு கம்பத்தில் கிளாக்கஸ். கீழே, மன்னனின் பரிவாரத்தில் கைலோன். தாங்க முடியாமல், மன்னித்துவிடும்படி கதறுகிறான். எரிந்துகொண்டிருப்பவர் மன்னிக்கிறார். அந்தக் கணத்தில் கிழவன் திரும்பி, ஊர் கேட்க நீரோவைச் சுட்டி, தீ வைத்தவன் இவனே என்று கூவுகிறான். வாழ்நாளெல்லாம் பொய் விற்றவன் சொன்ன முதல் மெய் அது. சொன்னதை மறுக்கச் சொல்லிச் சித்திரவதை செய்தும் மறுக்கவில்லை, சிலுவையில் சாகிறான்.

நம் மரபோடு ஒப்பிட்டால்

எங்கள் பார்சுவநாதர் புராணத்தில் கமடன், மருபூதி என்று அண்ணன் தம்பி. தம்பி மனைவியைக் கெடுத்ததற்காக அண்ணன் நாடு கடத்தப்படுகிறான். தம்பியோ மனம் பொறுக்காமல் அண்ணனிடமே மன்னிப்புக் கேட்கப் போகிறான். அண்ணன் கல்லைத் தூக்கித் தலையில் போட்டுக் கொல்கிறான். பிறவிக்குப் பிறவி இது தொடர்கிறது. மருபூதி பார்சுவநாதராகப் பிறந்த பத்தாம் பிறவியில்தான் பகைவன் பணிகிறான். கிளாக்கஸும் கைலோனும் ஒரே பிறவியில் முடித்த கணக்கை இவர்கள் முடிக்கப் பத்துப் பிறவி ஆயிற்று.

வேறுபாடும் உண்டு; மறைக்கக் கூடாது. கிறிஸ்தவ நெறியில், மனம் திரும்பியவனின் பாவத்தைக் கடவுளின் அருள் கழுவுகிறது. கைலோனுக்குப் பவுல் சொல்லும் ஆறுதல் இதுவே. சமண நெறியில் செய்தவன் வினையை அவனேதான் தீர்க்க வேண்டும். இன்னொருவர் மன்னித்ததால் அது கழியாது. மன்னிப்பவன் தன் கோபத்தையும் அதனால் சேரும் புதிய வினையையும் இறக்கி வைக்கிறான். தசலட்சண பர்வத்தின் முதல் நாளுக்கு உத்தம க்ஷமை என்று பெயர் வைத்தது இதனால்தான். ஒருவர் நெறியில் கடன் தள்ளுபடி. மற்றவர் நெறியில் வட்டி நிறுத்தம். இரண்டிலும் நெஞ்சின் பாரம் குறைகிறது.

என் கடன்

1994-இல் வாஷி மார்க்கெட்டில் என் கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரு லோடு மஞ்சளை எனக்குத் தெரியாமல் விற்றுப் பணத்தோடு போய்விட்டார். மூன்று வருஷம் கடன் கட்டினேன். நான் போலீசுக்குப் போகவில்லை; பெருந்தன்மை என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆனால் கடை கடையாக அவரைப் பற்றிச் சொன்னேன். யாரும் அவருக்கு வேலை தரவில்லை. 2006-இல் பழைய ‘குவோ வாடிஸ்’ஸை மறுபடி எடுத்தபோது, சவுக்கடி அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. நான் அடித்தது 300 அல்ல. பன்னிரண்டு வருஷமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் க்ஷமாவாணி நாளன்று, பக்கத்துக் கடை குஜராத்தி சேட் வழக்கம்போல் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். நான் ஆள் விட்டு அந்தக் கணக்குப்பிள்ளை இருக்கும் இடத்தை விசாரித்துப் போனேன். “அய்யா, நீங்க ஏன் வந்தீங்க?” என்று கேட்டார். “நானும் உங்களுக்குத் தப்பு செஞ்சிருக்கேன், அதான்” என்றேன். பணம் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. தெரிந்த ஒரு கடையில் அவருக்கு வேலைக்குச் சொன்னேன். நடந்ததையும் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னேன். என் கடைச் சாவியை அவரிடம் மறுபடி கொடுக்கவில்லை. மன்னிப்பு ஒரு பேரேடு, நம்பிக்கை வேறொரு பேரேடு. இரண்டையும் கலந்து எழுதினால் கணக்கு நிற்காது.

‘குவோ வாடிஸ்’ என்றால் லத்தீனில் ‘எங்கே போகிறீர்?’ என்று பொருள். கொடுமைக்குத் தப்பி ரோமை விட்டு வெளியேறும் பேதுரு, எதிரே வரும் கிறிஸ்துவிடம் கேட்பதாகப் பழைய மரபு சொல்லும் கேள்வி அது. பதிலைக் கேட்டுப் பேதுரு திரும்பி நகரத்துக்கே நடந்தார். நாமும் ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள். வரும் வழியில் யார் யாரைக் கோபத்தோடு விட்டுவிட்டு வந்தோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பதற்கு இந்த நாவல் உதவும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். பொழுதுபோக்குக்காகப் படித்தாலும் நஷ்டம் இல்லை.