காளையும் கன்றுக்குட்டியும்

கோடிகளைக் கொட்டி லம்போர்கினி வாங்கலாம். ஆனால் இந்தியச் சாலையில் அதை ஓட்டும் இன்பம் எத்தனை நிமிடம்?

இரண்டும் ஒரே தொழுவத்தைச் சேர்ந்தவை. இத்தாலியின் லம்போர்கினியை ஆடி நிறுவனம் 1998இல் வாங்கியது. ஆடியோ ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் அங்கம். அதே ஃபோக்ஸ்வாகன் 2013இல் இந்தியாவில் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரை ரூ. 7.99 லட்சத்துக்கு அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டே வந்து சேர்ந்தது லம்போர்கினி ஹுராக்கான். விலை ரூ. 3.43 கோடி. அதாவது, ஒரு ஹுராக்கான் விலையில் 42 போலோக்கள் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம்.

ஆற்றலில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. போலோவின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் தருவது 105 குதிரைத் திறன். ஹுராக்கானின் 5.2 லிட்டர், 10 சிலிண்டர் எஞ்சின் தருவது 610. ஆறு மடங்குகூட இல்லை. இரண்டிலுமே இரட்டை கிளட்ச் கொண்ட 7 வேக கியர்பெட்டிதான்.

பிறகு ஏன் இந்த விலை? கையால் இழைத்த நேர்த்தி, கார்பன் செராமிக் பிரேக் என்று காரணங்கள் உண்டு. ஆனால் கணிசமான பங்கு சுங்கத் துறைக்குப் போகிறது. முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கு அப்போது அடிப்படை வரியே 100 சதவீதம். இந்த வரியின் சுமை சச்சின் டெண்டுல்கர் விவகாரத்தில் நாடறிந்தது. 2002இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ஃபெராரிக்கு விதிக்கப்பட்ட சுமார் ரூ. 1.13 கோடி வரியை அரசு தள்ளுபடி செய்ய, எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் ஃபியட் நிறுவனமே வரியைக் கட்டியது. 2011இல் டெண்டுல்கர் அந்தக் காரை விற்றுவிட்டார்.

வாங்கிய பிறகு தொடங்குகிறது அடுத்த சோதனை. தரையை ஒட்டிச் செல்லும் ஹுராக்கானுக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு கண்டம். இருவருக்கு மேல் இடமில்லை. டீலர்கள் ஒருசில பெருநகரங்களில் மட்டுமே. மற்ற ஊர்க்காரர்களுக்கு, சர்வீஸ் என்றால் காரையே லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிய நிலை. போலோவிலோ பின்சீட்டில் பிள்ளைகள், டிக்கியில் காய்கறிப் பை. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானால் செலவு லட்சத்தில் போய் நிற்கும்.

சரி, வேகம்? மும்பை - புணே விரைவுச் சாலையின் சமவெளிப் பகுதியில் கார்களுக்கான உச்ச வரம்பு மணிக்கு 100 கி.மீ. ஹுராக்கான் அதை 3.2 வினாடிகளில் தொட்டுவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது. 325 கி.மீ. வரை பாயக்கூடிய காளை மூக்கணாங்கயிற்றோடு நடக்க வேண்டியதுதான். போலோவுக்கு 9.7 வினாடிகள் ஆகும். ஒவ்வொரு கியரையும் முழுதாக அனுபவித்து, சட்டத்தையும் மீறாமல் ஓட்டலாம்.

அதற்காக ஹுராக்கான்காரரை ஏமாளி என்று சொல்லிவிட முடியாது. அந்த எஞ்சின் கர்ஜனை எந்த டர்போவிலும் கிடைக்காது. சிக்னலில் நின்றால் சாலையே திரும்பிப் பார்க்கும். அவர் காசு கொடுப்பது அதற்குத்தான்.

இந்தியாவில் போலோவின் உற்பத்தி 2022இல் நின்றது. ஹுராக்கான் 2024இல் விடைபெற்றது. இனி இரண்டும் பழைய கார் சந்தையில்தான். போலோ வாங்குகிறவர் கியர்பெட்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்க வேண்டும். ஹுராக்கான் வாங்குகிறவர் வரி ரசீதுகளையும் பதிவான மாநிலத்தையும் பார்க்க வேண்டும். கூடவே, தன் வீட்டுத் தெருவில் எத்தனை வேகத்தடைகள் என்று எண்ணிவிடுவது நல்லது.